அரோ மக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இக்போ வரலாற்றைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அரோக்களைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. "அடிமை வியாபாரிகள்தானே" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. "வெள்ளைக்காரனை எதிர்த்து நின்றவர்கள்" என்று மட்டும் சொல்லிப் பெருமைப்படுகிறவர்களும் உண்டு. இரண்டுமே பாதிக் கதை. முழுக்கதையைச் சொல்லிப் பார்க்கத்தான் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அரோன்னா யாரு? இக்போ வேற, இவங்க வேறயா?

இக்போ என்பது தென்கிழக்கு நைஜீரியாவில் கோடிக்கணக்கானோர் பேசும் மொழி. அதைப் பேசும் மக்களுக்கும் அதுவே பெயர். அந்தப் பெரிய குடைக்குள் ங்வா, ஓஹாஃபியா, எட்டா, ஓனிச்சா, என்ரி என்று பல பிரிவுகள். பேச்சு வழக்கு, ஆட்சி முறை, சாமி, திருவிழா எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். அரோவும் அப்படி ஒரு பிரிவுதான். ஆனால் மற்ற பிரிவுகள் பெரும்பாலும் ஒரு நிலப்பரப்போடு நின்றுவிட, அரோக்கள் மட்டும் இக்போ நாடு முழுக்கப் பரவிக் குடியேறினார்கள்.

தாயூரின் பெயர் அரோச்சுக்வு. சுக்வு என்றால் இக்போ மொழியில் முழுமுதற் கடவுள். 'உமுசுக்வு', அதாவது கடவுளின் பிள்ளைகள், என்று அரோக்கள் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். இந்தப் பெயரால் அவர்களுக்கு என்ன லாபம் என்பது கீழே வியாபாரம் பற்றிய பதிலில் புரியும்.

அரோச்சுக்வு மேப்ல எங்க இருக்கு?

நைஜீரியாவின் அபியா மாநிலத்தில், கிழக்கு ஓரத்தில். அக்வா இபோம், கிராஸ் ரிவர் என்ற இரண்டு மாநிலங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஊருக்கு அருகே எனியோங் ஓடை. அது போய்ச் சேர்வது கிராஸ் ஆற்றில். அந்த ஆற்றில் கீழே இறங்கினால் கலபார் துறைமுகம், பிறகு கடல். காட்டுக்குள் இருக்கும் ஊருக்கு இப்படி ஒரு நீர்வழி அமைந்தது அதன் வரலாற்றையே தீர்மானித்துவிட்டது.

மூணு இனம் சேர்ந்து உருவானவங்கன்னு படிச்சேன். உண்மையா?

அரோக்களின் வாய்மொழி வரலாறே அப்படித்தான் சொல்கிறது. காலம் ஏறக்குறைய 17ஆம் நூற்றாண்டு. இபிபியோ மக்கள் வாழ்ந்த பகுதியில் இக்போக்கள் வந்து குடியேற, நாளடைவில் இரு தரப்புக்கும் சண்டை மூண்டது. இக்போ தரப்பு எட்டா பக்கத்திலிருந்து நாச்சி என்ற திபியாவை உதவிக்குக் கூப்பிட்டது. திபியா என்றால் குறி சொல்பவர், வைத்தியர், சடங்கு செய்பவர் எல்லாம் சேர்ந்த ஒருவர். நாச்சி கிராஸ் ஆற்றுக்குக் கிழக்கேயிருந்து அக்பா என்ற வீரர்களை அழைத்து வந்தார். ஓசிம், அகுமா என்ற இரண்டு சகோதரர்கள் அவர்களுக்குத் தலைமை. போரில் ஓசிம் இறந்தார், ஆனால் வெற்றி இவர்கள் பக்கம்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது போருக்குப் பிறகு நடந்ததுதான். வந்தவர்கள் கூலி வாங்கிக்கொண்டு திரும்பவில்லை, ஒரே ஊராக உட்கார்ந்துவிட்டார்கள். அகுமா முதல் அரசரானார். அவருக்குப் பின் அரச பதவி நாச்சியின் மகன் ஓகே நாச்சியின் வழிக்குப் போனது. ஓகென்னாச்சி, எசேஆகு, இபோம் இசி என்ற மூன்று பெரும் கிளைகளும் 19 கிராமங்களும் இன்றும் இருக்கின்றன. தோற்ற இபிபியோக்களின் தடமும் அழியவில்லை. அரோக்களின் புகழ்பெற்ற ஆருடமே, அதாவது சாமி வாக்குச் சொல்லும் இடமான இபினி உக்பாபியே, முதலில் இபிபியோக்களுடையது என்பார்கள். அவர்கள் மொழியில் அதன் பெயர் இப்ரிதாம்.

இக்போக்களுக்கு ராஜாவே கிடையாதுன்னு சொல்வாங்களே?

பல இக்போ ஊர்களுக்கு அது பொருந்தும். பெரியவர்கள், வயதுக் குழுக்கள், பட்டம் பெற்றவர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். அரோச்சுக்வுக்கோ 'எசே அரோ' என்ற அரசர் உண்டு. அதற்காக அவர் நினைத்ததெல்லாம் நடந்துவிடாது. கிராமத்துக்குக் கிராமம் 'எசே ஓகோ' என்ற தலைவர் இருக்கிறார். இவர்களும் கிளைத் தலைவர்களும் சேர்ந்த ஒக்பாங்க்போ என்ற மன்றத்தில் பேசித்தான் பெரிய விஷயங்கள் முடிவாகும். பேசித் தீர்க்கும் இக்போ பழக்கம் அரசர் வந்த பிறகும் போகவில்லை.

'இபினி உக்பாபி'ங்கறது கோயிலா, சாமியா, கோர்ட்டா?

மூன்றும்தான். காட்டுக்குள், ஓடை ஓடும் ஒரு பள்ளத்தில் உள்ள குகை வழிபாட்டிடம் அது. சுக்வுவே அங்கே பேசுகிறார் என்று நம்பினார்கள். கொலை, சூனியக் குற்றச்சாட்டு, தீராத நிலத் தகராறு, பிள்ளையில்லாத குறை என்று தங்கள் ஊரில் முடிவு காண முடியாதவற்றை எடுத்துக்கொண்டு இக்போ, இபிபியோ நாடுகளின் தொலைதூர ஊர்களிலிருந்து ஜனங்கள் நாள்கணக்கில் நடந்து வந்தார்கள். ஆங்கிலேயர்கள் இதற்கு 'லாங் ஜூஜூ' என்று பெயர் வைத்தார்கள். ஜூஜூ என்பது ஆப்பிரிக்க வழிபாடு எதையும் மட்டம் தட்ட அவர்கள் பயன்படுத்திய சொல் என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன்.

வழக்கோடு வருகிறவர்களுக்கு வழிகாட்டி அரோக்காரர். வழியில் தங்க இடம் கொடுப்பதும் அரோ குடியிருப்பு. நடந்துகொண்டே பேசும்போது வழக்கின் உள்விவரமெல்லாம் வெளியே வந்துவிடும். குகைக்குள்ளிருந்து வரும் குரலுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்ததன் ரகசியம் பெரும்பாலும் இதுதான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

உள்ள போனவங்க திரும்பி வரவே மாட்டாங்களாமே?

குற்றவாளி என்று தீர்ப்பானவரைத் தனியாக உள்ளே அனுப்புவார்கள். கொஞ்ச நேரத்தில் ஓடைத் தண்ணீர் சிவப்பாக ஓடும். வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்கள் சாமி எடுத்துக்கொண்டது என்று அழுதுகொண்டே ஊர் திரும்புவார்கள். உண்மையில் அந்த மனிதர்களில் பலர் வேறொரு வழியாக அடிமைச் சந்தைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தண்ணீரைச் சிவக்க வைத்தது சாயமோ விலங்கு ரத்தமோ என்பார்கள். உயிரோடு இருக்கும் மகனுக்கு ஒரு தாய் காரியம் செய்தாள் என்பதை நினைத்தால் இன்றும் என் மனம் ஆறுவதில்லை.

அதே சமயம் அங்கே நடந்ததெல்லாம் ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. தொடர்ந்து அநியாயத் தீர்ப்பே சொல்லும் ஓரிடத்துக்கு மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து வர மாட்டார்கள். ஏராளமான சண்டைகள் அங்கே நியாயமாகத் தீர்ந்திருக்க வேண்டும். அந்த நியாயத்தின் பேரில் பிறந்த நம்பிக்கைதான் மோசடிக்கும் இடம் கொடுத்தது.

அரோக்கள் ஒரு சாம்ராஜ்யம் நடத்தினாங்களா? படை இருந்துச்சா?

வரி வசூல், நிரந்தரப் படை, மாகாண ஆளுநர் என்ற பொருளில் சாம்ராஜ்யம் இல்லை. சண்டை தேவைப்பட்டால் அபாம், ஓஹாஃபியா, எட்டா வீரர்களைக் கூட்டிவருவார்கள். அந்தப் பெயர்களைக் கேட்டாலே ஊர் காலியாகும் என்ற அளவுக்குப் பயம் இருந்தது. ஆனால் அதைவிட ஆழமாக வேலை செய்தவை ஆருடம், சந்தை, உறவு மூன்றும்தான்.

படையில்லாம அவ்வளவு தூரம் எப்படி வியாபாரம் பண்ணாங்க? வழியில கொள்ளையடிக்க மாட்டாங்களா?

சாமியின் பிள்ளைகள் மேல் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? 'உமுசுக்வு' என்ற பெயரின் முதல் லாபம் அதுதான். 'ஓமு' எனப்படும் எண்ணெய்ப்பனையின் இளங்குருத்து அரோ அதிகாரத்தின் அடையாளம்.

இரண்டாவது, 'இக்பாண்டு'. புது ஊருக்குப் போனதும் அந்த ஊர்த் தலைவரோடு ரத்த உடன்படிக்கை செய்துகொள்வார்கள். கோலாக் கொட்டையில் இருவர் ரத்தத்தையும் தொட்டு இருவரும் சாப்பிடுவார்கள். அதற்குப் பிறகு ஒருவருக்கொருவர் துரோகம் செய்யக் கூடாது, செய்தால் சாவு என்பது நம்பிக்கை. அப்புறம் கல்யாணம். உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர் அந்த ஊருக்கு மாப்பிள்ளை, அவரைக் கொள்ளையடிக்க முடியுமா?

மூன்றாவது, சந்தை. இக்போ வாரத்துக்கு நான்கே நாள்: ஏகே, ஓரியே, அஃபோ, என்க்வோ. ஊர்ச் சந்தைகள் இந்தக் கணக்கில் கூடும். பெண்டேயில் 24 நாளுக்கு ஒருமுறை, அதாவது ஆறு இக்போ வாரத்துக்கு ஒருமுறை, பெருஞ்சந்தை கூடியது. உபுருவிலும் பெருஞ்சந்தை உண்டு, அந்த ஊர் உப்புக்குப் பேர்போனது. உப்பு, துணி, துப்பாக்கி, வெடிமருந்து, பித்தளைக் கம்பி, மனிதர்கள் எல்லாம் இந்தச் சந்தைகளில் கைமாறின. அடிமையாக விற்கப்பட்டுப் பின் விடுதலை பெற்று, 1789இல் லண்டனில் தன் வாழ்க்கைக் கதையை வெளியிட்ட ஒலாவுடா எக்வியானோ, சிறுவயதில் தன் ஊர்ச் சந்தைக்குத் துப்பாக்கியும் தொப்பியும் மணியும் கருவாடும் கொண்டுவந்த, தூரத்துச் சிவந்த மனிதர்களை நினைவுகூர்கிறார். அவர்கள் அரோ வியாபாரிகளாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

எக்பே சங்கம்னு ஒண்ணு சொல்றாங்களே, அது ரகசியக் கூட்டமா?

ரகசியம் உண்டு, ஆனால் திருட்டுத்தனமான கூட்டம் கிடையாது. எக்பே என்றால் எஃபிக், இபிபியோ மொழிகளில் சிறுத்தை. கிராஸ் ஆற்றுப் பகுதியில் வளர்ந்த இந்தச் சங்கத்தை அரோக்களும் ஏற்றுக்கொண்டார்கள். கட்டணம் கட்டிப் படிப்படியாக மேலே போகும் ஆண்களின் சங்கம். கடன் திருப்பித் தராதவரைப் பிடிப்பது, சண்டையைத் தீர்ப்பது, ஊர் விதியை அமல்படுத்துவது எல்லாம் அதன் பொறுப்பு. வேறு வேறு மொழி பேசும் வியாபாரிகள் ஒரே சங்கத்தில் இருந்தால் கடனை நம்பிக் கொடுக்கலாம் இல்லையா, வணிகத்துக்கு அது பெரிய பலம்.

என்சிபிடி என்ற குறியீட்டு எழுத்து இந்தச் சங்கத்தாரிடம் செழித்தது. காதல், சண்டை, வழக்கு, பயணம் என்று ஒவ்வொன்றுக்கும் கோட்டுக் குறிகள். சங்கத்தார் உடுத்தும் 'உகாரா' என்ற அவுரி நீலத் துணியில் இந்தக் குறிகளும் சிறுத்தை, முதலை உருவங்களும் வெள்ளையில் தெரியும். முடிச்சுப் போட்டும் தைத்தும் அவுரியில் முக்கி, பிறகு பிரித்தெடுக்கும் வேலை அது. ஆப்பிரிக்காவில் எழுத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் எடுத்துக் காட்டுவது இந்தத் துணியைத்தான்.

அரோன்டிசுவோகுவும் அரோச்சுக்வுவும் ஒண்ணா?

இரண்டும் வேறு ஊர்கள். அரோச்சுக்வு தாயூர். அரோன்டிசுவோகு அங்கிருந்து வெகுதூரம் வடமேற்கே, இன்றைய இமோ மாநிலத்தில், 18ஆம் நூற்றாண்டில் இசுவோகு என்ற வியாபாரியின் ஆட்கள் உருவாக்கிய குடியேற்றம். 'ண்டி' என்றால் 'இன்னாருடைய ஆட்கள்'. 'இசுவோகுவின் ஆட்களான அரோ' என்பதே ஊர்ப்பெயர். அனம்ப்ரா மாநிலத்தில் என்டிகெலியோன்வு, அஜாலி என்று அரோ ஊர்கள் உண்டு. இவற்றையெல்லாம் சேர்த்து 'அரோ உசோ', அதாவது வெளியூர் அரோ, என்பார்கள். தாயூரோடு அவர்களுக்கு உறவு அறுபடவில்லை. ஆனால் பேச்சு மாறிவிட்டது. அம்மாக்கள் உள்ளூர்ப் பெண்கள் என்பதால் பிள்ளைகள் உள்ளூர் இக்போவையே பேசி வளர்ந்தார்கள்.

சொந்த இக்போக்களையே வித்தாங்களா? எப்படி மனசு வந்துச்சு?

விற்றார்கள். பயாஃப்ரா வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து, அதாவது போனி, கலபார் போன்ற இடங்களிலிருந்து, அட்லாண்டிக்கைக் கடந்து கொண்டுபோகப்பட்டவர்கள் 15 லட்சத்துக்கும் மேல் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவர்களில் இக்போக்கள் மிக அதிகம். உள்நாட்டிலிருந்து கடற்கரை வரை அவர்களைக் கொண்டுவந்து சேர்த்ததில் அரோக்களின் பங்கு மிகப் பெரியது. ஆருடத்தில் 'மறைந்தவர்கள்' இதில் ஒரு பகுதிதான். ஆள் கடத்தல், கடன், ஊர்ச் சண்டை வழியாகச் சிக்கியவர்கள் ஏராளம்.

'சொந்த இக்போ' என்ற எண்ணம் அன்று இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவருக்குத் தன் ஊர், தன் குலம்தான் 'நம்மவர்'. நாலு ஊர் தள்ளி இருப்பவர் அந்நியர். இக்போ என்ற பொது அடையாளம் பெரும்பாலும் பிற்காலத்தில், காலனி ஆட்சிக்குள் வளர்ந்தது. இது விளக்கம் மட்டுமே. அந்நியனை விற்பதும் பாவம்தான். வாங்க லிவர்பூல், பிரிஸ்டல் கப்பல்கள் காத்து நின்றன என்பதும் அரோவின் குற்றத்தைக் குறைக்காது, கூட்டாளி யார் என்பதைக் காட்டும்.

என்னை உறுத்துவது வேறொன்று. இக்பாண்டு, கல்யாணம், குடியேற்றம் என்று முன்பு சொன்ன அந்தத் திறமை, அந்நியனை உறவாக்கும் திறமை. அதே வழிகளில்தான் மனிதர்கள் சரக்காகவும் போனார்கள்.

அப்போ பிரிட்டிஷ்காரங்க அடிமை முறையை ஒழிக்கத்தானே படையெடுத்தாங்க?

அறிவித்த காரணங்களில் அது ஒன்று. தேதிகளைப் பாருங்கள். பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது 1807இல். அரோச்சுக்வு மேல் படை போனது 1901 நவம்பரில். இடைப்பட்ட காலத்தில் பாமாயில் பெரிய வணிகமாகியிருந்தது, ஐரோப்பியத் தொழிற்சாலைகளின் எந்திரங்களுக்கும் சோப்புக்கும் அது வேண்டும். உள்நாட்டு வணிகம் அரோக்களின் கையில் இருந்தது. ஆளுகைக்குக் குறுக்கே நின்ற அந்தக் கையை விலக்க வேண்டும் என்பது தெற்கு நைஜீரியாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ரால்ஃப் மூரின் திட்டம். உள்நாட்டில் அடிமை வணிகம் தொடர்ந்தது உண்மைதான், அது காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

படை புறப்படும் சமயத்தில் அரோக்களும் கூட்டாளிகளும் பிரிட்டிஷாரோடு சேர்ந்த ஒபெகு என்ற ங்வா ஊரைத் தாக்கிப் பெரும் படுகொலை செய்தார்கள். அதையும் மறைக்கக் கூடாது. மொண்டனாரோ என்ற அதிகாரியின் தலைமையில் ஓகுட்டா, அக்வெட்டே, உன்வானா, இட்டு என்ற நான்கு திசைகளிலிருந்து படை வந்தது. 87 அதிகாரிகள், 1,550 சிப்பாய்கள், அவர்களுக்கு மூட்டை சுமக்க 2,100 பேர். டிசம்பர் 28ஆம் தேதி அரோச்சுக்வு வீழ்ந்தது. ஆருடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். மற்ற இடங்களில் எதிர்ப்பு 1902 வரை நீடித்தது.

அதுக்கப்புறம் எல்லாரும் கிறிஸ்தவங்க ஆயிட்டாங்களா?

கொஞ்சம் கொஞ்சமாக, பெரும்பாலோர். ஸ்காட்லாந்து பிரெஸ்பிடீரியன் மிஷன் போருக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்தது. கலபார் பகுதியில் நெடுங்காலம் உழைத்த மேரி ஸ்லெஸரின் பெயர் அந்த வட்டாரத்தில் இன்றும் பேசப்படுகிறது. சுக்வு என்ற பெயரும் மாறவில்லை. இக்போ கிறிஸ்தவர்கள் தேவாலயத்தில் கடவுளை அதே பெயரால்தான் அழைக்கிறார்கள்.

கல்வியை அரோக்கள் வேகமாகப் பற்றிக்கொண்டார்கள். அரோச்சுக்வுக்காரரான ஆல்வன் இகோகு 1930களின் தொடக்கத்தில் சொந்த ஊரிலேயே அக்ரே நினைவுக் கல்லூரி என்ற உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார். நைஜீரியாவின் 10 நைரா நோட்டில் இருப்பது அவர் முகம். அரோன்டிசுவோகு தந்தவர்களில் கே. ஓ. ம்பாடிவே, ம்போனு ஓஜிகே இருவரும் விடுதலை அரசியலில் முன்னால் நின்றவர்கள். அந்நியப் பொருள்களில் தவிர்க்க முடிந்ததையெல்லாம் தவிர்ப்போம் என்று சொன்ன ஓஜிகே, 'மிஸ்டர்' என்பதையும் தவிர்த்து 'மாஸி' என்று போட்டுக்கொண்டார். அரோ ஆண்களுக்குரிய அந்த மரியாதைச் சொல் இன்று இக்போ நாடு முழுக்கப் புழங்குகிறது.

இகேஜி திருவிழாவை எப்போ போனா பாக்கலாம்?

இகேஜி அரோக்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் பெரிய திருவிழா. எப்போது என்பது எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. அரோச்சுக்வில் செப்டம்பர் வாக்கில், புது வள்ளிக்கிழங்கு வரும் சமயம். இறுதி நாளான ஏகே எக்பேயில் கிராமம் கிராமமாக ஊர்வலமாய் வந்து அமைக்பே திடலில் கூடுவார்கள். முன்பு சொன்ன உகாரா துணியை ஒரே இடத்தில் அவ்வளவு பார்க்க வேறு நாள் அமையாது. அரோன்டிசுவோகுவில் மார்ச், ஏப்ரல் வாக்கில் நடக்கிறது. நான்கு சந்தை நாட்களையும் தொடர்ந்து, முகமூடி ஆட்டங்களோடு. வெளியூர், வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர் திரும்பும் நாட்கள் அவை.

யாராவது வீட்டுக்கு அழைத்தால் முதலில் கோலாக் கொட்டை வரும். "கோலா கொண்டுவந்தவர் உயிரைக் கொண்டுவந்தார்" என்பது இக்போ பழமொழி. அது உடைபடும் முன் பெரியவர் வேண்டுதல் சொல்வார், இக்போவில்தான். கோலாவுக்கு வேறு மொழி புரியாது என்பார்கள். பொறுமையாகக் காத்திருங்கள்.

குகை இன்னும் இருக்கா?

இருக்கிறது. வெடி வைத்த பிறகும் வழிபாடு உடனே நின்றுவிடவில்லை. 2007இல் நைஜீரியா இந்த இடத்தை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் அடிமைப் பாதையாகச் சேர்த்தது. பட்டியலில் வந்ததாலேயே உலகப் பாரம்பரியச் சின்னம் ஆகிவிடாது. ஊர்க்காரர்களின் துணையோடுதான் உள்ளே போக வேண்டும். வேடிக்கை இடம் என்று போகாதீர்கள். அங்கிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

அடிமையா வந்தவங்க வம்சம் அரோவுக்குள்ளயே இருக்குமே? அவங்களும் அரோதானா?

இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வாங்கிய எல்லாரையும் விற்றுவிடவில்லை. மூட்டை சுமக்கவும், கிழங்கு பயிரிடவும், குடும்பத்தின் ஆள்பலத்தைக் கூட்டவும் பலரைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். 1807க்குப் பிறகு கடல் வழி அடைபட அடைபட இது கூடியது. வெளியூர் அரோக் குடியேற்றங்கள் அவ்வளவு வேகமாகப் பெருத்தது இப்படி உள்ளே எடுத்துக்கொண்டவர்களால்தான். அவர்கள் அரோப் பெயர் வைத்துக்கொண்டார்கள், இகேஜி கொண்டாடினார்கள், வெளியே அரோவாகவே அறியப்பட்டார்கள். உள்ளே மட்டும் 'அமாடி', அதாவது சுதந்திரமாகப் பிறந்தவர், என்ற வேறுபாடு தொடர்ந்தது. பட்டம், சம்பந்தம் என்று வரும்போது பழைய கணக்கு எட்டிப் பார்க்கும். அது தவறு என்றுதான் நான் சொல்வேன்.

அரோன்டிசுவோகுவையே பாருங்கள். இசுவோகுவிடம் இஹெமே என்று ஒருவர் பணியாளாக வந்து சேர்ந்தார். அரோவாகப் பிறந்தவர் இல்லை. எஜமானின் நம்பிக்கையைப் பெற்று, அவருக்காக நிலம் பிடித்து, தனக்கென்று ஆட்களையும் சேர்த்தார். இன்று அந்த ஊரின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கும் எவரும் இசுவோகுவின் பெயரோடு இஹெமேயின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். அவருடைய வம்சத்தார் ஊரின் பெரும் பகுதி.